கண்ணாடிக்காரியும் குழிக்காரியும்

பட்டறையில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவள் இல்லை. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோக்கிற பார்வை அவளுக்கு. இரும்பைக் கண்ணாடி ஆக்குகிறவள் என்பதால் வந்த பேர். கடைசல் முடிந்து வரும் உருளைகளைச் சுழலவிட்டு, முதலில் உப்புத்தாள், பிறகு அதைவிட நைசான உப்புத்தாள், கடைசியில் துணியில் வைரத்தூள் பசை என்று தேய்த்துக்கொண்டே போவாள். கை எப்போது அழுத்த வேண்டும், எப்போது சும்மா தொட்டால் போதும் என்பதெல்லாம் அவள் யோசித்துச் செய்கிற காரியமில்லை. கை பாட்டுக்குச் செய்யும், வாய் பாட்டுக்கு யாரையாவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்ததா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. உருளையை முகத்துக்கு நேரே பிடிப்பாள். முகம் என்னவோ நீண்டு, கோணிக்கொண்டுதான் தெரியும். ஆனால் கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்த உருளை அறை மூலையில் இருக்கும் பெரிய கலத்துக்குள் போகும். காற்றை உறிஞ்சிவிட்டு அதற்குள் ஒரு கறுப்புப் பூச்சு ஏற்றுவார்கள். முடியைவிட மெல்லிசு, இரும்பைவிடக் கெட்டி. உராய்வைக் குறைக்க, தேய்மானத்தைத் தடுக்க அந்தப் பட்டறையில் செய்கிற வித்தை அது. முதலாளி தூரத்திலிருந்தே, “இமை தெரியுதாம்மா?” என்று கேட்பார். “தெரியுது சார்” என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த ஒரு கேள்வி தன் காதில் விழுவதற்காகவே காலையில் எழுந்து வேலைக்கு வருகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

பொறாமை அவளுக்குப் புதிது இல்லை. சின்ன வயதில் தங்கையின் நீளமான கூந்தலைப் பார்த்துப் பொறாமை. கல்யாணமான பிறகு, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் நம் வீட்டைவிடக் கொஞ்சம் வேகமாக வருகிறதே என்று பொறாமை. இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும்தான். அது வந்த வழியே போய்விடும். போகாமல் வந்து உட்கார்ந்துகொண்டது ஓரகத்தி விஷயத்தில்தான். அதாவது கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த பெண்.

ஒரே வீடு, ஒரே சமையலறை. மாமியாருக்கு இரண்டு மருமகள்கள். சின்னவள் வந்த புதிதிலேயே மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்: “சின்னவ வீட்டுல இருக்கிறதே தெரியாது.” இதைப் பாராட்டாகச் சொன்னாள். சொல்லும்போது மூத்தவள் பக்கம் ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு. மூத்தவள் வீட்டில் இருப்பது தெருமுனை வரை தெரியும். அது தன் குற்றமா, குரலைக் கொடுத்தவன் குற்றமா என்று அவள் புருஷனிடம் புலம்புவாள். அவன் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே சாமர்த்தியமாகத் தூங்கிப்போகிற ஆள்.

சின்னவளைப் பட்டறைக்குள் கொண்டுவந்ததே மூத்தவள்தான் என்பதுதான் வேடிக்கை. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது என்று இதைத்தான் சொல்வார்கள்.

நடந்தது இது. பம்பு செய்கிற ஒரு கம்பெனிக்கு இவர்கள் உருளைகள் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு உறைக்குள் மேலும் கீழும் ஓடுகிற உருளை. கண்ணாடிக்காரி இமை தெரியத் தேய்த்த உருளைகள்தான் அத்தனையும். அவை போய்ச் சேர்ந்த இடத்தில் உறையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதாகப் புகார் வந்தது. முதலாளி தலையைச் சொறிந்தார், படித்தார், நாலு பேரிடம் கேட்டார். கடைசியில் சொன்னார்: ரொம்ப வழுவழுப்பும் ஆகாதாம். எண்ணெய் நிற்க இடமில்லாமல் வழிந்து போய்விடுகிறதாம். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள் போட்டால் அதில் எண்ணெய் தங்கும், வேண்டும்போது கசியும், தேய்கிற தூளும் அதற்குள் விழுந்து அடங்கிவிடும். அப்புறம் அதன்மேல் கறுப்புப் பூச்சு.

கண்ணாடிக்காரிக்கு நெஞ்சில் இடி விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் காத்த முகத்தில் அம்மைத் தழும்பு போடுவதா? ஆனாலும் முதலாளி லேசர் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டபோது, இவள் வாய் சும்மா இருக்காமல், தன் ஓரகத்தி பரிசுக்கோப்பைகளில் பேர் பொறிக்கிற கடையில் இதே மாதிரி இயந்திரத்தில்தான் வேலை பார்த்தாள் என்று சொல்லிவிட்டது. சொன்னதற்குக் காரணமும் நல்லெண்ணம் இல்லை. பட்டறைக்கு வந்தால் அவள் தனக்குக் கீழே இருப்பாள், தான் யார் என்று பார்ப்பாள் என்ற ஆசை.

சின்னவள் வந்தாள், பார்த்தாள், வேலையைப் பிடித்துக்கொண்டாள். நீலக் கண்ணாடிப் பெட்டிக்குள் உருளை மெல்லச் சுழல, கதிர் புள்ளி புள்ளியாகக் குழி தோண்டியது. கதிர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் குழி ஆழமாகும். பட்டறைக்காரர்கள் அவளுக்குக் குழிக்காரி என்று பேர் வைத்தார்கள். முதலாளி இப்போதெல்லாம் காலையில் நேரே அந்தப் பெட்டியிடம்தான் போய் நின்றார். இமை தெரிகிறதா என்று கேட்பது குறைந்தது. குழி போட்ட உருளையில் யார் இமையும் தெரியாது, மூடுபனி மாதிரி ஒரு சாம்பல்தான் தெரியும். கண்ணாடிக்காரிக்கு வயிறு எரிந்தது. குழிக்காரியின் பெட்டிக்கு மட்டும் தனி மின்விசிறி வைத்தபோது இன்னும் எரிந்தது. அது இயந்திரத்தின் சூட்டுக்கு வைத்த விசிறி என்று தெரிந்தும் எரிந்தது.

போதாக்குறைக்குப் பூச்சுப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று பேச்சு வந்தது. பம்பு உருளைகள் நல்லபடியாக ஒப்பேறட்டும், அப்புறம் அந்த இடத்துக்கு ஆள் சொல்கிறேன் என்றார் முதலாளி. முன்பென்றால் அது கண்ணாடிக்காரிக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அவள் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த இடம் சின்னவளுக்குப் போய்விட்டால் பட்டறையில் அவளிடம் கேட்டு வேலை செய்ய வேண்டும், வீட்டுக்கு வந்தால் மாமியார் அதைச் சொல்லிக் காட்டுவதையும் கேட்க வேண்டும். அதற்கு நாண்டுகொண்டு சாகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஒரு பிடி அவள் கையில் இருந்தது. கதிர் குழி தோண்டும்போது உருகின இரும்பு குழியைச் சுற்றி ஒரு சின்ன விளிம்பாகக் கட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் மேலே பூசினால் பூச்சு உதிர்ந்துவிடும். அந்த விளிம்பைத் தேய்த்து எடுக்கிற வேலை கண்ணாடிக்காரியுடையது. முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: புதுத்துணி, கொஞ்சமாகப் பசை, போய்த் திரும்பி ஒரு தடவை, அவ்வளவுதான். அதற்கு மேல் தேய்த்தால் குழியே போய்விடும்.

குழியே போய்விடும் என்று அவர் சொன்னது அவள் காதில் தேனாகப் பாய்ந்தது.

முதல் உருளையை ஆசை தீரத் தேய்த்தாள். அது, உறைக்குள் ஓட்டிப் பார்க்கிற சோதனை இயந்திரத்தில் சீக்கிரமே கிறீச்சிட்டு நின்றது. முதலாளி ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டார். சின்னவள் உருளையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகுதான் அதிசயம். கண்ணாடிக்காரி எவ்வளவு தேய்த்தாலும் உருளைகள் தேறின. துணியை இரண்டாக மடித்து அழுத்தினாள், தேறியது. வேண்டுமென்றே கைமறதி மாதிரி இன்னும் ஒரு தடவை ஓட்டினாள், அதுவும் தேறியது. சோதனை இயந்திரத்தில் உருளை பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தச் சாமி இவளுக்குத் துணை நிற்கிறது என்று பல்லைக் கடித்தாள்.

பம்பு கம்பெனிக்குக் காட்டப்போகிற கடைசி உருளைகளைச் செய்ய வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்குக் காலையில் வீட்டில் மாமியார் டீயைக் குடித்துவிட்டு, “சின்னவ போட்டா ஒரு ருசிதான்” என்றாள். டீ போட்டது மூத்தவள். அன்றைக்கு அந்தச் சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. குண்டான் மேடையில் இறங்கிய வேகத்தில் தட்டுகள் தாமாக நகர்ந்தன. சின்னவள் சுவரோரமாக நின்று சாப்பாட்டு டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் மதியம் சாப்பிடும் நேரம். பெண்கள் உட்காருகிற நீளமான பெஞ்சில் கண்ணாடிக்காரிக்கு நடு இடம், அவளைச் சுற்றி மற்றப் பாலிஷ்காரிகள். குழிக்காரி டப்பாவோடு வந்து நின்றாள். ஓரத்தில் இருந்தவள் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்து இடத்தை அடைத்துக்கொண்டாள். மூத்தவளுக்குச் செய்கிற விசுவாசம் அது. சின்னவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில், நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்த கண்ணாடிக்காரிக்கு முதலில் குளிர்ந்தது. பிறகு சின்னவளின் டப்பா கண்ணில் பட்டது. தன் டப்பாவில் கறி நிறைய இருந்தது. அவளுடையதில் வெறும் குழம்பு. இரண்டையும் கட்டினது சின்னவள் கைதான்.

அதற்கப்புறம் மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி இடத்தை அடைக்கச் சொல்லி யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. அன்று பிற்பகல் உருளைகள் மேசைக்கு வந்தபோது, சரி, ஒரு நாளாவது நேராகச் செய்வோம் என்று நினைத்தாள். புதுத்துணி, கொஞ்சமாகப் பசை, போய்த் திரும்பி ஒரு தடவை. கை இன்னும் வேண்டும் என்று துறுதுறுத்தது. கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முதலாளி சொன்னது சொன்னபடி, அத்தனை உருளையையும் முடித்துக் கலத்துக்கு அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த அலுப்போடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சோதனை இயந்திரத்தில் ஏற்றியதுமே உருளை அலறியது. இரண்டாவதும் அலறியது. கழற்றிப் பார்த்தால் கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது, உறை முழுக்கக் கீறல். முதலாளி பூதக்கண்ணாடியில் பார்த்தார். குழிகளைச் சுற்றி விளிம்பு அப்படியே நின்றது. இரண்டு பேரையும் கூப்பிட்டார். மற்றவர்கள் வேலை செய்கிற மாதிரி கையை அசைத்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள்.

“நான் சொன்ன மாதிரி தேய்ச்சீங்களாம்மா?”

“நீங்க சொன்ன மாதிரியேதான் சார் தேய்ச்சேன்.”

வாழ்நாளில் அந்த உருளைகளைப் பற்றி அவள் சொன்ன ஒரே நிஜம் அது. யாரும் நம்பவில்லை. பெஞ்சில் இடத்தை அடைத்தவளே, இவங்களுக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகாது சார் என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள். விசுவாசம் போன வேகம் அப்படி. முதலாளியின் முகம் மாறுவதைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். போயிற்று, பொறுப்பாளர் இடமும் போயிற்று, பேரும் போயிற்று. நல்லவளாக இருந்து பார்த்த ஒரே நாளில் போயிற்று. சின்னவள் இப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும், எல்லாம் அவள் மடியில் வந்து விழும். மூத்தவளாக இருந்தால் அப்படித்தான் நின்றிருப்பாள். அது மூத்தவளுக்கே தெரியும்.

சின்னவள் சொன்னாள்: “அக்கா சரியாத்தான் சார் தேய்ச்சிருக்காங்க. நான்தான் குழியை ஆழமாப் போட்டுட்டேன். ஆழம் கூடினா விளிம்பும் கூடும்ல. ஒரு தடவை தேய்ச்சா அது போகாது.”

“ஏன் ஆழமாப் போட்டே? நான் வச்ச அளவு என்ன ஆச்சு?”

“அக்கா கை கொஞ்சம் கூடத் தேய்க்கும் சார். அதுக்கு ஏத்த மாதிரி நான் கொஞ்சம் கூடத் தோண்டிடுவேன். நேத்து அக்கா அப்படி அதிகமாத் தேய்க்கல.”

எப்போதிலிருந்து என்று கேட்டார். முதல் உருளை நின்றதே, அதற்கு அடுத்ததிலிருந்து என்றாள். முதலாளிக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒருத்தி அதிகமாகத் தேய்க்கிறாள், ஒருத்தி அதிகமாகத் தோண்டுகிறாள், இரண்டு தப்பும் சேர்ந்து இத்தனை நாள் எனக்கு நல்ல சரக்கு கொடுத்திருக்கிறது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சின்னவளைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். கேட்காமல் அளவை மாற்றினது பெரிய குற்றம் அவருக்கு. கடைசியில் மூத்தவளிடம், நேற்று சொன்னபடி செய்தது நீங்கள் ஒருத்திதான், இனிமேல் பூச்சுப் பகுதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் இனி அளவோடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டது கிடைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளுக்கோ கொதித்தது. திருட்டுத்தனம் என்று நினைத்துத் தான் செய்ததையெல்லாம் ஒருத்தி முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழவில்லை, புருஷனிடம்கூட மூட்டிவிடவில்லை. இவள் தேய்த்ததற்கெல்லாம் இடம் விட்டு வேலை செய்திருக்கிறாள். இப்போது இந்தப் பதவியும் அவள் போட்ட பிச்சை. நல்ல மனசுகூட அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொறாமை எழுந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் வழக்கமாக வேறு வேறு சீட்டில் உட்காருவார்கள். அன்றைக்கு மூத்தவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“நான் ஒரு நாள் கம்மியாத் தேய்ப்பேன், ஒரு நாள் ஜாஸ்தியாத் தேய்ப்பேன். எவ்வளவு ஆழம் வேணும்னு உனக்கு எப்படிடீ தெரிஞ்சது?”

சின்னவள் சொல்லத் தயங்கினாள். சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றாள். பிறகு சொன்னாள்:

“காலைல நீங்க பாத்திரம் வைக்கிற சத்தத்தை வச்சுதான்க்கா. மெதுவா வச்சா கதிரை ஒரு தடவை அதிகமா ஓட்டுவேன். டங்குன்னு வச்சா ரெண்டு. நேத்து நீங்க குண்டானை வச்ச வேகத்துக்கு நான் பயந்துபோய் ரொம்ப ஆழமாப் போட்டுட்டேன்.”

மூத்தவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் மாமியாருக்குக் கேட்கட்டும் என்று வைத்த சத்தத்தை இன்னொருத்தி ஒவ்வொரு நாளும் நின்று கேட்டு, அளந்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் வேறு யாரும், கட்டினவன் உட்பட, அதைக் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை சமையலறையில் அவளுக்குக் கையே ஓடவில்லை. எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும், இதை எப்படி வைப்பது என்று ஒரு யோசனை. வேண்டாம், அவள் எப்படி வைக்கிறாள் என்று பார்ப்போம், நாமும் அவள் மனசைக் கண்டுபிடிப்போம் என்று காதைக் கொடுத்து நின்றாள். சின்னவள் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினாள். சத்தமில்லை. மூடியை எடுத்தாள், வைத்தாள். சத்தமில்லை. கரண்டியை வைப்பதற்கு முன் அடியில் சுண்டு விரலைக் கொடுத்து, பிறகு விரலை மெல்ல உருவிக்கொண்டாள். தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவள் இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னவ வீட்டுல இருக்கிறதே தெரியாது என்று மாமியார் சொன்னதும், அதைக் கேட்டுத் தான் வயிறெரிந்ததும் நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் இந்தப் பெண் இந்தச் சமையலறையில் பயந்துகொண்டு நின்றிருக்கிறாள். அதற்குப் போய்ப் பொறாமைப்பட்டிருக்கிறோம்.

“நீயும் ஒரு நாள் டங்குன்னு வையேன்டீ” என்றாள் மூத்தவள். “உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சின்னவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு பெரிய குண்டானை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, மேடையில் போட்டாளே ஒரு போடு.

உள்ளறையில் மாமியார் என்னவோ விழுந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தாள். புருஷன்மார் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். தெருமுனை வரை கேட்டிருக்கும். சின்னவள் கண்ணில் தண்ணீர் நிற்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குண்டானில் விழுந்த நசுங்கலைத் தடவிப் பார்த்த கண்ணாடிக்காரிக்கு, நாம் இத்தனை வருஷமாக வைத்தும் ஒரு நாள்கூட இந்தச் சத்தம் வரவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.